பார்ட்னர் என்று கூப்பிட்ட வாய்

திருடன் நீ. பூட்டை உடைக்கிற திருடனாவது நாய்க்குப் பயப்படுவான், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பான். நீ பட்டப்பகலில், கோர்ட்டு வாசல் சிமெண்டு பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, எலுமிச்சை சாதத்தில் கிடக்கிற கடுகைப் பொறுக்கி டிபன் பாக்ஸ் மூடியில் ஒதுக்கிக்கொண்டே என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொண்டு போகிறாய். நிமிர்ந்து பார்க்க மாட்டாய். நான் இந்தப் பக்கம், வாகை மர நிழலில், பையை மடியில் வைத்துக்கொண்டு. எனக்குப் பசிக்கவில்லை. பசிக்கிறது, ஆனால் நீ பார்க்கிற இடத்தில் வாயைத் திறந்து மெல்ல மாட்டேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் உன்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். போன வாய்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துகொண்டாய், இன்றைக்கு வேறு வழியில்லை. கடுகை ஒதுக்குவாய் என்று உன் வீட்டு மதினிக்குச் சொன்னதே நான்தான், அவருக்குக் கடுகு பல்லுக்குள்ள போயி மாட்டும் மதினி, உளுத்தம்பருப்பை மட்டும் தாளிச்சு விடுங்க என்று. மறந்துவிட்டாள் போலிருக்கிறது. இல்லை மருமகள் சமைத்திருப்பாள். எனக்கென்ன. தினக்கூலிக்காரிக்கு முதலாளி வீட்டுத் தாளிப்பைப் பற்றி என்ன. தினக்கூலி. மரக்கிடங்கில் என் பாதியைக் கேட்டு நான் போட்ட வழக்குக்கு உன் பதில் மனுவில் அப்படித்தான் போட்டிருக்கிறாய். என் வக்கீல் ஜெயசீலன் தம்பி வாசித்துக் காட்டினான், வாதியான ராக்கம்மாள் பிரதிவாதியின் பழைய மரக்கடையில் தினக்கூலிக்கு வேலை பார்த்த சித்தாளே தவிர யாதொரு பாத்தியமும் அற்றவர் என்று. யாதொரு. அந்த யாதொருவில்தான் எனக்குத் தலை சுற்றியது. சித்தாளாக இருந்தவள்தான், மறைத்தேனா, சும்மாட்டுத் துணி வைத்துச் செங்கல் சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போனவள்தான், அதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால். இத்தனை வருஷம் வாங்க பார்ட்னர், போங்க பார்ட்னர் என்று மரியாதை குறையாமல் பேசிய வாய் இது. மனசுக்குள் திட்டும்போதுகூட நீங்கள்தான். அந்த மனுவை வாசித்துக் கேட்ட நிமிஷத்திலிருந்து நீ.

பார்ட்னர். அந்த வார்த்தையைக் கொடுத்ததே நீதான், நான் கேட்கவில்லை. கோட்டையூரில் நாம் வாங்கி இடித்த முதல் வீடு, உள்முற்றத்து வளவுத் தூண்கள் அத்தனையும் பர்மாத் தேக்கு, வெயிலில் சாய்த்துப் போட்டிருந்தோம், கொச்சியிலிருந்து ஓட்டல் கட்டுகிற ஒருத்தர் பார்க்க வந்திருந்தார். நான் தூணைத் தட்டிக் காட்டினேன். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே உயிர் இருக்கிற மரம் ஒரு மாதிரி பேசும், செல்லரித்தது வேறு மாதிரி பேசும், அது எனக்கு வரும். உனக்கு லாரி இருந்தது, ஊர் பழக்கம் இருந்தது, இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. அவர் என்னை மோவாயால் காட்டி, இது யாரு, லேபரா என்று கேட்டார். மை பார்ட்னர் என்றாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது லாரியில் கேட்டேன், அந்தாளுகிட்ட என்னை என்னமோ சொன்னீங்களே, வசவா என்று. பங்காளின்னு அர்த்தம் என்றாய். பங்காளியா, எங்கப்பன் பங்காளிக ஒரு வரப்புக்கு வெட்டிக்கிட்டுச் செத்தவனுக, அது எனக்கு வேண்டாம் என்றேன். சரி, கூட்டாளின்னு வச்சுக்கங்க. சாராயக் கடையில கூட உக்கார்றவனும் கூட்டாளிதான் என்றேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தாய், எதிரே பஸ் வந்தது, பிடித்து ஒடித்துத் திருப்பினாய். கூடப் பொறந்தா பங்காளி, கூடக் குடிச்சா கூட்டாளி, கூடச் சேந்து சாகத் தெரிஞ்சா பார்ட்னர், போதுமா என்றாய். போதும் என்றேன். அதுவே பேராகிவிட்டது. உன் சொந்தப் பேரை நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை, வழக்குப் போடும்போது அப்பா பேரு என்ன, இனிஷியல் என்ன என்று ஜெயசீலன் கேட்க, எனக்கு நாக்குத் தடுமாறியது. டீக்கடைக்காரன் உனக்கு ஆன காசையும் என்னிடம்தான் வாங்குவான், எனக்கு ஆனதை உன்னிடம். ரெண்டு பேரும் ஒரே கல்லாதானே என்பான். ஒரே கல்லா. பள்ளத்தூர் வீட்டு உத்தரத்தில் என் காது ஏமாந்துபோனதே, அறுத்துப் பார்த்தால் உள்ளே பூராவும் மாவு, அன்றைக்கு நீ என்ன சொன்னாய். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன், தட்டிப் பார்த்தவள் நான், தப்பு என்னுடையது. பக்கத்தில் வந்து குந்தினாய், விடுங்க பார்ட்னர், நம்ம ரெண்டு பேரு காதும்தான் செவிடாப் போச்சு என்றாய். உன் மோட்டார் சைக்கிள் போனது, என் தோடு போனது. கூலிக்காரியின் தோட்டைக் கழற்றி நஷ்டம் அடைக்கிற முதலாளி எந்த ஊரில் இருக்கிறான், போய்க் கேட்டு வா. துளை இன்னும் அப்படியே இருக்கிறது, வேப்பங்குச்சி போட்டு வைத்திருக்கிறேன்.

சட்டத்துல அந்த வார்த்தைக்கு வேற கணக்குக்கா என்று ஜெயசீலன் சொன்னான். பாசத்தைக் கேக்க மாட்டாங்க. லாபத்துல பங்கு உண்டா, தொழிலைச் சேந்து நடத்துனீங்களா, நீங்க ஒரு வார்த்தை குடுத்தா அது அவரைக் கட்டுமா, அவர் குடுத்தா உங்களைக் கட்டுமா, இதான் கேப்பாங்க. கட்டும் தம்பி, என்றேன், நான் முடிச்ச விலைக்கு அவர் மறு பேச்சுப் பேசுனதில்ல. எழுத்துல எதுவும் இருக்கா? எழுதிக்கிட்டா அது சந்தேகம் தம்பி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், சின்னப் பையன், மீசையே இப்போதுதான். எழுத்து இல்லாட்டியும் நிரூபிக்கலாம், ஆனா யார் வாயிலேருந்தாவது வரணும். யார் வாய். கொச்சிக்காரரை எங்கே போய்த் தேட, டீக்கடைக்காரனுக்கு லாபப் பங்கைப் பற்றி என்ன தெரியும், நம் இரண்டு வாயைத் தவிர மூன்றாவது வாய் ஏது. போன மாதம் உன் வக்கீல் திருவேங்கடம் என்னைக் குறுக்கு விசாரணை செய்தாரே, அன்றைக்கு உன் வாய் எங்கே இருந்தது. பார்ட்னர்னு கூப்பிட்டுக்கிட்டதாச் சொல்றீங்க, என்ன பார்ட்னர்மா அது, கேரம் போர்டுல எதிர்ல உக்கார்றவனும் பார்ட்னர், இப்பல்லாம் கல்யாணம் பண்ணிக்காம ஒண்ணா இருக்கிறவங்களும் பார்ட்னர்னுதான் சொல்லிக்கிறாங்க, நீங்க எந்த வகை. பின்னால் உட்கார்ந்திருந்த கறுப்புக் கோட்டெல்லாம் சிரித்தது. பேரன் பேத்தி எடுத்தவள் நான், காதுவரைக்கும் சூடு ஏறியது. உங்க ஆளையே கேளுங்க, எந்த வகைன்னு வார்த்தையைக் குடுத்தவருக்குத் தெரியும் என்றேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார் ஜட்ஜ். நீ நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ சிரித்திருந்தால்கூட இறங்கி வந்து அறைந்திருப்பேன், உள்ளே போட்டிருப்பார்கள், நிம்மதியாகப் போயிருக்கும். நகத்தைப் பார்த்தாய். அதை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெட்கமா அது. வெட்கம் என்றால் என்னை நினைத்தா, உன்னை நினைத்தா.

இன்று காலையில் செட்டியாரைக் கொண்டுவந்து நிறுத்தினாயே, அது அதைவிடப் பெரிய கத்தி. லெட்சுமணன் செட்டியார் பொய் சொல்லத் தெரியாத மனுஷர், அது உனக்குத் தெரியும், தெரிந்துதான் கூப்பிட்டாய். கண்டனூர்ப் பழைய வீட்டை நமக்கு இடிக்கக் கொடுத்தவர். இந்த அம்மா உங்களிடம் தன்னை யாரென்று சொன்னார் என்று திருவேங்கடம் கேட்க, செட்டியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் கூலிக்காரிங்கய்யா, முதலாளி லாரியில இருக்காரு, அவரைக் கேக்காம எனக்கு ஒண்ணும் சொல்ல அதிகாரம் இல்லன்னு சொன்னாங்க என்று பதமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். சொன்னேன். கண்டனூரில் சொன்னேன், புதுவயலில் சொன்னேன், நாம் ஏறி இறங்கின ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் சொன்னேன். அது யார் வித்தை. ரெண்டு பேரும் சேந்து போனா விலை இறங்காது பார்ட்னர், ஒரு ஆளு உள்ள, ஒரு ஆளு வெளிய என்று நாம் பேசி வைத்துக்கொண்டதுதானே. நான் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போவேன், தட்டுவேன், விலையைச் சொல்வேன், அவர்கள் ஏற்றுவார்கள், முதலாளியைக் கேட்டு வர்றேன் என்று லாரிக்கு வருவேன். லாரியில் என்ன நடந்தது. நீ பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவாய். உன் மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கினதைச் சொல்வாய், என் மூட்டுவலிக்கு எந்த எண்ணெய் என்று பேசுவோம், முறுக்கு இருந்தால் கடிப்போம். கடைசியில்தான் கேட்பாய், என்ன பார்ட்னர், என்ன விலைக்கு முடிக்கப் போறீங்க. நான் சொல்வேன். நீ தலையாட்டுவாய். பிறகு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போய், முதலாளி ஏசுறாருங்கய்யா, எனக்கு வேலையே போயிரும் போல என்பேன். மனுஷர்கள் இளகிவிடுவார்கள். முதலாளியிடம் பேரம் பேசுகிறவனுக்குக் கூலிக்காரியிடம் மனசு வராது. அப்படித்தான் தூண் தூணாக, நிலை நிலையாக இறக்கினோம். சாட்சி முடிந்து செட்டியார் வராந்தாவில் என்னைத் தேடி வந்தார். ஏம்மா, நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலையே. இல்லைங்கய்யா, நான் சொன்னதைத்தான் சொன்னீக. நீ அழுதியேம்மா, எங்க ஆச்சி உனக்கு மோர் கொண்டாந்து குடுத்துச்சு, உன் முகத்துக்காகத்தானே முகப்பு நிலைக்கு விலையைக் கொறைச்சேன். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் விடவில்லை, அய்யா, மெட்ராஸ்லேருந்து ஒரு பார்ட்டி நாளைக்கே வருது, ரெட்டிப்பு தர்றேங்கிறான்னு சொன்னீகளே, அவன் வந்தானா என்றேன். செட்டியார் பல் செட்டு தெரியச் சிரித்தார். அது வியாபாரம்மா. நானும் அதத்தாங்கய்யா செஞ்சேன். அதுவும் சரிதான், கேட்டிருந்தா கூண்டுலயே சொல்லியிருப்பேன், யாரும் கேக்கலையே என்று குடையை ஊன்றிக்கொண்டு படி இறங்கிப் போனார். பேரத்தில் சொன்னதையெல்லாம் சத்தியம் என்று எடுத்துக்கொண்டால் ஊரில் ஒரு கத்திரிக்காய் விற்குமா. இவ்வளவுதான் அய்யா, கையைக் கடிக்குது என்று சொல்லாத வியாபாரி உண்டா, அவனையெல்லாம் கூண்டில் ஏற்றிக் கையைக் காட்டச் சொல்வார்களா. ஜெயசீலன் முகம் விழுந்துவிட்டது. நீங்களே சொன்னது உங்களுக்கு எதிரா நிக்குதுக்கா, இதை மாத்த ஒரே ஆளாலதான் முடியும், லாரியில என்ன பேசுனீங்கன்னு தெரிஞ்ச ஆளு அவர் மட்டும்தான், நான் அந்த ஒண்ணைத்தான் கேப்பேன், அவர் இல்லன்னு சொல்லிட்டா நம்ம கையில எதுவும் இல்ல என்றான். இல்லை என்றால் நாளைக்குக் கிடங்குக் கதவு எனக்குச் சாத்திவிடும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் மறுபடி சும்மாடு சுற்றிச் செங்கல் தூக்கப் போக வேண்டும். அதுகூடப் போகட்டும். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டு என்னை யாதொரு பாத்தியமும் அற்றவள் என்று எழுதிவிட்டால் நான் இத்தனை வருஷம் யாராக இருந்தேன்.

எப்போது நீ அதை நம்ப ஆரம்பித்தாய் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அங்கேயே போய் முட்டி முட்டி நிற்கிறேன். மனசு அறிந்து பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம், நம்பிவிட்டவனிடம் என்ன செய்வது. முதலில் டிரைவர் வைத்தோம், அந்தப் பையன் புதுசு, லாரியில் நாம் விலை பேசும்போது இறங்கிப் போய்விடுவான், நான் உள்ளே போய்ச் சொல்கிற பேச்சைக் கேட்டுவிட்டு உன்னை முதலாளி என்று கூப்பிட்டான். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். திருத்தவில்லை. திருத்தினால் வித்தை வெளியே போய்விடும் என்று நானேதான் சொன்னேன். பிறகு நீ வெள்ளைச் சட்டை போட்டாய், முதலாளி என்றால் சட்டை வேண்டாமா பார்ட்னர் என்று, அதற்கும் சிரித்தேன், மதுரையில் துணி எடுத்ததே நான்தான். பிறகு லாரியை விட்டு இறங்குவதை நிறுத்தினாய். பிளாஸ்க் வருவது நின்றது. அரியக்குடி வீடு. கதவில் யானை முகம் கொத்தின வீடு. நான் வழக்கம்போல லாரிக்கு வந்து, விலையைச் சொல்லி, முடிச்சிரட்டுமா என்று சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டேன், நீ டீ ஊற்றுவாய் என்று கையை நீட்டிக்கொண்டே. நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, அந்த விலைக்கு வேண்டாம் என்றாய். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வேண்டாம்னா வேண்டாம், போய்ச் சொல்லுங்க. என் கை நீட்டினபடி இருந்தது. உள்ளே போய் முதலாளி வேண்டாங்கிறாரு என்று சொன்னேன், அன்றைக்குத்தான் அது முதல்முறையாக உண்மையாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கசக்காமலே வந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபக்காரி, பேரத்தில் யாரையும் விடாதவள், ஊரே பயப்படுகிற வாய், உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. இன்னொன்று இருக்கிறது, ஜெயசீலனிடம்கூடச் சொல்லாதது. இன்றைக்குக் காலையில் நீ கேட் வழியாக வந்தாய் அல்லவா, வெள்ளைச் சட்டை, மகன் குடை பிடிக்க. நான் இந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மனசு எழச் சொல்லவில்லை, கால் தானாக எழுந்தது. முந்தானையைக்கூடச் சரிசெய்தேன். நீ கடந்து போனாய். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை முகப்பில் நின்று கூலிக்காரி கூலிக்காரி என்று சொல்லிச் சொல்லி இந்த உடம்பு அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறதா. நீ மட்டும்தான் நம்பினாயா. இல்லை. நான் நம்ப மாட்டேன். நான் எழுந்தது பழக்கம், பார்ட்னர் வந்தால் எழுந்து இடம் விடுகிற பழக்கம், லாரியில் தள்ளி உட்கார்கிற மாதிரி. அப்படித்தான். அப்படித்தானே. சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை, நீ அங்கே கடுகு பொறுக்குகிறாய்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டாய். எழுந்து வருகிறாய். குழாய் இந்த மரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வேறு குழாய் கிடையாது, இல்லாவிட்டால் இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டாய். உன் மகன் திருவேங்கடத்தோடு வெற்றிலைக் கடையில். நான் எழவில்லை, பையை இறுக்கிப் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன். குழாயைத் திறக்கிறாய், தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, கையைக் கழுவுகிறாய், வாயைக் கொப்பளிக்கிறாய், பல்லிடுக்கில் நாக்கைவிட்டுத் துழாவுகிறாய். நரைத்துப் போனாய். பிடரியில் தோல் தொங்குகிறது. குழாயை மூடிவிட்டு, துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, துண்டுக்குள்ளிருந்து, சாப்பிடலையா பார்ட்னர் என்றாய். சொல்லிவிட்டாய். உன் கை துண்டோடு அப்படியே நின்றது. நீ நினைத்துச் சொல்லவில்லை, தெரியும், வாய் பழகினது, மனுவெல்லாம் வாய்க்குத் தெரியாது. துண்டை இறக்கினபோது உன் முகம் வெளுத்திருந்தது, சுற்றிலும் பார்த்தாய், யாரும் இல்லை, ஒரு டைப்ரைட்டர்காரர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் உன்னையே பார்த்தேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், கோர்ட்டு டவாலி வெளியே வந்து நம் இரண்டு பேரையும் கூப்பிட்டான், உன் பேர், என் பேர், இனிஷியலோடு, யாரோ இரண்டு அந்நியர்களைக் கூப்பிடுகிற மாதிரி. நீ நடக்கிறாய். நான் பின்னால் வரவில்லை, பக்கத்தில் வருகிறேன், முட்டி வலிக்க வலிக்க வேகமாக, உன் தோளுக்கு இணையாக. உன் மகன் ஓடி வருகிறான், என்னை ஒதுக்கப் பார்க்கிறான், ஒதுங்க மாட்டேன். ஏறு. கூண்டில் ஏறு. ஜெயசீலன் கேட்பான், லாரியில் விலையை முடித்தது யார் என்று, அந்த ஒரு கேள்விதான். திருவேங்கடத்தைப் பார்க்காதே, நகத்தைப் பார்க்காதே. இதுவரைக்கும் செய்ததற்கு நான் கணக்குக் கேட்கவில்லை, நீ நல்லவனாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. யாரும் இல்லாத இடத்தில் உன் வாய் சொன்னதை, எல்லாரும் இருக்கிற இடத்தில், ஜட்ஜ் எழுதிக்கொள்கிற மாதிரி, நிறுத்தி, உரக்கச் சொல்லு. என்னை யார் என்று சொல்லு.